நாயும் நடைபாதையும்

மனிதன் முதன்முதலாகப் பழக்கிய பிராணி நாய் என்பது விஞ்ஞானிகள் கண்ட முடிவு. ஆடும் மாடும் குதிரையும் அவனுடைய முற்றத்தை வந்தடைவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்னரே, அவன் மூட்டிய நெருப்பின் அருகே நாய் வந்து படுத்துக்கொண்டது. பாரதக் கதையில், உடன்பிறந்தாரும் மனைவியும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்த பிறகும், தருமபுத்திரனைக் கடைசிவரை பின்தொடர்ந்தது ஒரு நாய்தான். நாலடியார் செய்த சமண முனிவர்கள், நட்பின் தன்மையைக் கூற வந்தவிடத்து, யானையைத் தாழ்த்தி நாயை உயர்த்தினார்கள். பைரவருக்கு வாகனமாக நிற்பதும் அதுவே.

இவ்வளவு பெருமை வாய்ந்த பிராணியைப் பற்றி நம் சங்க இதழில் எழுதப் புகுந்ததற்கு அதன் பெருமை காரணமன்று. சென்ற குளிர்காலத்தில் என் தாயார் 40 நாட்கள் வீட்டை விட்டுக் கீழே இறங்காமல் இருந்தார். அதுவே காரணம்.

தாயாருக்கு வயது 76. தந்தையார் காலமான பின்னர், தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் சிற்றூரை விட்டு டெல்லிக்கு வந்து, யமுனைக்குக் கிழக்கேயுள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்களோடு வசிக்கிறார். ஹிந்தி தெரியாது. ஊரில் வாசல் திண்ணையில் உட்கார்ந்தாலே உலகம் அவரைத் தேடி வரும். இங்கே திண்ணையும் இல்லை. தேடி வருவாரும் இல்லை. ஆகவே காலையிலும் மாலையிலும் குடியிருப்பின் சுற்றுப்பாதையில் மெல்ல நடந்து, பூங்காவின் மூலையிலுள்ள சிமெண்டுப் பெஞ்சில் சற்று நேரம் அமர்வதே அவருடைய ஒரே உலாவாக இருந்தது. அங்கே இன்னும் இரண்டு தமிழ்ப் பாட்டிமார்களும் ஒரு வங்காளப் பாட்டியும் வருவார்கள். பாஷை நால்வருக்கும் முழுமையாகப் பொருந்தாவிட்டாலும், முழங்கால் வலி எல்லோருக்கும் பொது.

ஒரு நாள் மாலை, கயிறு இல்லாமல் விடப்பட்டிருந்த பெரிய லாப்ரடார் நாய் ஒன்று அவரை நோக்கி ஓடி வந்து, முன்னங்கால்கள் இரண்டையும் அவர் மேல் வைத்தது. கடிக்கவில்லை, குரைக்கவும் இல்லை. விளையாட்டுதான். ஆனால் தாயார் தடுமாறிக் கீழே உட்கார்ந்துவிட்டார். முழங்கை தரையில் உராய்ந்து சிராய்த்தது. பத்துப் பதினைந்து கஜத்துக்கு அப்பால் வந்துகொண்டிருந்த நாயின் உரிமையாளர், “குச் நஹீ கரேகா, மாதாஜி” என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். ‘ஒன்றும் செய்யாது, அம்மா’ என்பது அதன் பொருள். வட நாட்டில் வசிக்கும் நம்மவருள் இவ்வாசகத்தைக் கேளாதவர் அரிது. தமிழிலும் இதற்கு நிகரான வாசகம் உண்டு. நாமும் அதைச் சொல்லியே இருக்கிறோம்.

மறுநாள் முதல் தாயார் கீழே இறங்கவில்லை. முழங்கால் வலி என்றார். நாங்களும் நம்பித் தைலம் வாங்கிக் கொடுத்தோம். 40 நாட்களுக்குப் பிறகு, வங்காளப் பாட்டி என் மகளிடம் நடந்ததைச் சொன்ன போதுதான் உண்மை வெளிப்பட்டது. “ஏன் அம்மா சொல்லவில்லை?” என்று கேட்டேன். “நாம் பிழைக்க வந்த இடம். உனக்கு எதற்கு வீண் வம்பு என்று இருந்துவிட்டேன்” என்றார்.

அந்தப் பதில் என்னை உறுத்தியது. அயலூரில் குடியேறியவர்கள் பலவற்றை இவ்விதமே விழுங்கிக்கொண்டு வாழ்கிறோம். வாடகை கொடுக்கிறோம், வரி கொடுக்கிறோம், பராமரிப்புக் கட்டணம் கொடுக்கிறோம். ஆனால் நடைபாதை மட்டும் பிறர் இட்ட பிச்சை என்று எண்ணுகிறோம். இது சரிதானா? சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது? அறிந்துகொள்ள முனைந்தேன். அறிந்தவற்றை நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டில் நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்வதைப் பற்றி நாடு முழுவதற்கும் பொதுவான தனிச் சட்டம் கிடையாது. ஒவ்வொரு நகரத்தின் மாநகராட்சிச் சட்டத்திலும் துணைவிதிகளிலும் அது அடங்கியுள்ளது. டெல்லிக்கு உரியது 1957ஆம் ஆண்டின் டெல்லி மாநகராட்சிச் சட்டம். அதன் 399ஆம் பிரிவு நாய்களைப் பதிவு செய்வது பற்றியும் கட்டுப்படுத்துவது பற்றியும் கூறுகிறது. நகரில் வளர்க்கப்படும் எல்லா நாய்களையும் பதிவு செய்யவும், பதிவு செய்த நாய் உலோக வில்லை கோத்த கழுத்துப்பட்டை அணியவும் வேண்டுமென்று மாநகராட்சி துணைவிதி வகுக்கலாம். பதிவு செய்யாத நாய் பொது இடத்தில் காணப்பட்டால் பிடித்து வைக்கவும் வகை செய்யலாம். பதிவுக்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று அவசியம்.

அதே பிரிவில் நமக்கு மிக முக்கியமான ஓர் உட்பிரிவு இருக்கிறது. ஒரு நாய் பிறருக்குத் தொல்லை கொடுக்கக்கூடியது அல்லது பிறரை அச்சுறுத்தக்கூடியது என்று அதன் உரிமையாளரோ, அதைப் பொறுப்பில் வைத்திருப்பவரோ அறிந்திருந்தால், அதை வாய்க்கூடும் சங்கிலியும் இல்லாமல் தெருவிலோ பொது இடத்திலோ திரிய விடலாகாது. வெறிநோய் பரவும் காலத்தில் ஆணையர் அறிவிப்பு வெளியிட்டால், எல்லா நாய்களுக்கும் இவ்விதி பொருந்தும். மூர்க்கமான நாய்க்கு வாய்க்கூடு எப்பொழுதுமே வேண்டும்.

இதில் ‘அறிந்திருந்தால்’ என்னும் சொல்லை அன்பர்கள் கவனிக்க வேண்டும். கடித்தால்தான் குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை, அச்சுறுத்தினாலே போதும். ஆனால் தம் நாயைக் கண்டு ஒருவர் அஞ்சுகிறார் என்பது உரிமையாளருக்கு எப்படித் தெரியும்? அஞ்சுகிறவர் சொன்னால்தானே தெரியும்? முழங்கால் வலி என்று சொல்லி வீட்டுக்குள் இருந்துவிட்டால், “எனக்குத் தெரியாது” என்று அவர் சொல்வது பொய்யாகாது. நம் மௌனம் சட்டத்தையும் உறங்க வைத்துவிடுகிறது. மரியாதையாக, முடிந்தால் எழுத்து மூலமாக, ஒரு முறை தெரிவித்துவிட்டால், அதன் பிறகு அவர் அறியாதவர் அல்லர்.

நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் வேறொரு வகையில் துணை நிற்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவில் 291ஆம் பிரிவாக அமைந்துள்ளது. தம் வசமுள்ள பிராணியினால் மனித உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ அபாயம் நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் அறிந்தோ அசட்டையாகவோ இருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பழைய சட்டத்தில் அபராதம் 1,000 ரூபாய் வரை. புதியதில் 5,000 ரூபாய் வரை.

அண்டை நகரங்கள் அண்மைக் காலத்தில் இன்னும் கண்டிப்பாகியுள்ளன. 2022 ஜூலையில் லக்னோ நகரில், வீட்டில் வளர்த்த பிட்புல் நாயே வயது முதிர்ந்த தாயைக் கடித்துக் கொன்ற செய்தி வட நாட்டையே உலுக்கியது. அவ்வாண்டின் இறுதிக்குள் காஜியாபாத் நகராட்சி பிட்புல், ராட்வீலர், டோகோ அர்ஜென்டினோ ஆகிய மூன்று இனங்களைத் தடை செய்தது. நொய்டா ஆணையம் வளர்ப்பு நாய்களைப் பதிவு செய்யக் கெடு விதித்ததோடு, நாய் யாரையேனும் தாக்கினால் உரிமையாளர் 10,000 ரூபாய் அபராதம் செலுத்துவதுடன் காயமுற்றவரின் சிகிச்சைச் செலவையும் ஏற்க வேண்டும் என்று முடிவு செய்தது. நம் சென்னையிலும் 2024 மே மாதத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில், ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. அதன் பின்னரே உரிமம், கயிறு, வாய்க்கூடு என்பன பற்றி அந்நகரம் விழித்துக்கொண்டது.

இன்ன இனம் கூடாது என்று தடுப்பதே போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இன நாய்களின் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்யுமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேளாமலே அது வெளியிடப்பட்டது என்பது நீதிமன்றம் கண்ட குறைகளுள் ஒன்று. என் தாயாரைத் தள்ளியது எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லாத, சாதுவென்று பெயரெடுத்த லாப்ரடார்தான். நாய் எந்த இனமாயினும், கயிறு மனிதன் கையில் இருக்கிறதா என்பதே கேள்வி.

மறுபக்கத்துச் சட்டம்

நாயின் பக்கத்திலும் ஒரு சட்டம் இருக்கிறது. அதைப் பெற்றுத் தந்ததில் தமிழகத்துக்குத் தனிப் பெருமை உண்டு. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய திருமதி ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் ராஜ்ய சபையின் நியமன உறுப்பினரானார். பிராணிகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுப்பதற்கான மசோதா ஒன்றைத் தனி உறுப்பினர் என்ற முறையில் அவர் கொண்டுவந்தார். அரசாங்கமே இதற்கென விரிவான சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூற, அவர் அதைத் திரும்பப் பெற்றார். அதன் பயனாகவே 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன்படி 1962இல் அமைந்த இந்தியப் பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமை அலுவலகம் 2018இல் ஹரியானாவுக்கு மாறும் வரையில் சென்னையிலேயே இருந்தது.

அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு, அளவுக்கு மீறிக் குறுகலான அல்லது கனமான சங்கிலியில் பிராணியை நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதைக் குற்றமாக்குகிறது. எப்பொழுதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் அளிக்கத் தவறுவதும் குற்றமே. வளர்த்த பிராணியைப் பட்டினியால் வாடும் நிலையில் கைவிடுவதும் குற்றம்.

இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தெளிவு பிறக்கிறது. வீட்டில் நாள் முழுவதும் கட்டி வைத்துவிட்டுத் தெருவில் அவிழ்த்து விடுவதைத்தான் பலர் அன்பு என்று நினைக்கிறார்கள். சட்டமோ நேர்மாறாகச் சொல்கிறது: வீட்டிலே அவிழ்த்து விடு, தெருவிலே பிடித்துக்கொள்.

குடியிருப்புச் சங்கங்களின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. நல வாரியம் 2015இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பெரும்பான்மை வாக்கு இருந்தாலும், துணைவிதியைத் திருத்தினாலும், வளர்ப்பு நாயை அடியோடு தடை செய்யச் சங்கத்துக்கு அதிகாரமில்லை. நாயோடு லிப்டில் ஏறக் கூடாது என்று தடுக்கவும் முடியாது. அதே நெறிமுறைகள், பொது இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்லுமாறு உரிமையாளருக்கு அறிவுறுத்துகின்றன. கேரள உயர்நீதிமன்றமும் 2021இல், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வளர்ப்புப் பிராணிகளை முற்றிலும் தடுக்கும் விதிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

நாய்களைத் தொலைத்துக் கட்டுவோம் என்று கிளம்புகிறவர்கள் பம்பாயின் சரித்திரத்தையும் நினைவுகூர்வது நலம். தெருநாய்களைக் கொல்லும்படி ஆங்கிலேய அதிகாரிகள் ஆணையிட, கொன்ற நாய் ஒவ்வொன்றுக்கும் கூலி கிடைத்ததனால் காவலர்கள் வீட்டு நாய்களையும் விட்டு வைக்கவில்லை. நாயைப் புனிதமாகக் கருதும் பார்ஸிகள் 1832 ஜூன் 6ஆம் தேதி வீதியில் இறங்கினார்கள். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டுக் கோட்டைக்குச் செல்லும் உணவுப் பொருள்களும் தடைபட்டன. ஒரு நகரம் நாயின் பொருட்டு ஸ்தம்பித்து நின்றது அன்று.

கூட்டத்தில் நடந்தது

இவற்றையெல்லாம் படித்த பிறகு நாயின் உரிமையாளர் வீட்டுக் கதவைத் தட்டினேன். எரிந்து விழுவார் என்று எண்ணிச் சென்ற எனக்கு ஏமாற்றம். அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மனைவி காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன, மகன் வெளிநாட்டில். அவருடைய வலது மணிக்கட்டு ஒரு முறை முறிந்து கூடியது. நாய் இழுக்கும் வேகத்தைத் தாங்க முடியாமல்தான் கயிற்றை விட்டுவிடுவாராம். தாயார் விழுந்ததை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டதாகவும், 40 நாட்கள் அவர் கீழே வராததைத் தாம் கவனிக்கவே இல்லை என்றும் வருந்தினார்.

ஆனால் பேச்சு எங்கள் இருவரோடு நிற்கவில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு விஷயம் போயிற்று. அங்கே இரண்டு கட்சிகள். நாய் வைத்திருப்போர் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றது ஒன்று. நாய்க்கு அஞ்சுகிறவர்கள் வெளியே வர வேண்டாம் என்றது மற்றது. யாருக்காக நான் பேச வந்தேனோ அவர் பெயரைச் சொல்லியே, மனைவியை இழந்த ஒரு முதியவரை விரட்டப் பார்த்தார்கள். எனக்குப் பெரும் சங்கடமாயிற்று. மேலே சொன்ன சட்டங்களை எனக்குத் தெரிந்த ஹிந்தியில் எடுத்துச் சொன்னேன். தடை செய்ய நமக்கு அதிகாரமில்லை. அவிழ்த்து விட அவர்களுக்கு உரிமையில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடந்தான் நம் நடைபாதை என்றேன்.

அம்மாவையும் என் மகள் அழைத்து வந்திருந்தாள். ஆசிரியர் எழுந்து அவர் பக்கம் திரும்பி, “இந்த நாயை விட்டால் எனக்கு வேறு துணை இல்லை” என்றார். மகள் மொழிபெயர்த்தாள். தாயார் சற்று நேரம் அவரையே பார்த்துவிட்டு, “எனக்கும் இந்த நடைபாதையை விட்டால் இங்கே வேறு ஊர் இல்லை என்று சொல்” என்றார். மகள் அதையும் மொழிபெயர்த்தாள். அதற்குப் பிறகு இரு கட்சியிலும் குரல் தணிந்தது.

முடிவில் நான்கு விதிகளுக்கு எல்லோரும் இசைந்தார்கள். பாதை, படிக்கட்டு, லிப்ட், பூங்கா ஆகிய பொது இடங்கள் யாவற்றிலும் நாய் கயிற்றில் இருக்க வேண்டும். கயிற்றைப் பிடிப்பவர் நாயை அடக்கும் வலிமையுள்ள பெரியவராக இருக்க வேண்டும். குழந்தைகளிடமோ, கைப்பேசியில் மூழ்கிய வேலையாளிடமோ கொடுக்கலாகாது. பதிவும் தடுப்பூசியும் நாள் தவறாமல் செய்து அதன் நகலைச் சங்கத்தில் கொடுக்க வேண்டும். நாய் அசுத்தம் செய்தால் உடனே அள்ளிவிட வேண்டும்.

ஆசிரியரின் மணிக்கட்டுக்கும் வழி கண்டோம். கழுத்துப்பட்டைக்குப் பதிலாக, மார்பின் முன்புறம் கயிறு மாட்டும் மார்புப்பட்டை ஒன்றை மிருக வைத்தியர் சிபாரிசு செய்தார். அதை அணிந்த நாய் முன்னே பாய்ந்தால் அதன் உடல் பக்கவாட்டில் திரும்பிவிடுவதால் இழுக்கும் வேகம் குறைகிறது. காலை நடைக்குக் கல்லூரியில் படிக்கும் என் மகன் அந்நாயை அழைத்துச் செல்கிறான். கயிற்றைப் பற்றி அவர் சொன்ன இன்னொன்றும் நினைவில் கொள்ளத் தக்கது: ஐந்து, ஆறு அடிக் கயிறே நகரத்துக்கு ஏற்றது. இழுக்க இழுக்க நீளும் சுருள்கயிறு நெரிசலான இடத்துக்கு உதவாது. லிப்டின் கதவு திறக்கும் வேளையில் நாய் பத்தடி முன்னே நிற்கும்.

தெருநாய்களின் நிலை

வீட்டு நாயைக் கயிற்றில் பிடிக்க உரிமையாளர் இருக்கிறார். தெருநாயை யார் பிடிப்பது? இவ்வினா நெடுங்காலமாக நம் நகரங்களை வருத்துகிறது. பிடித்துக் கொல்வதே ஒரு காலத்தில் வழக்கமாயிருந்தது. கொன்ற இடத்துக்குப் பக்கத்துத் தெருவின் நாய்கள் வந்து சேர்ந்தனவே ஒழிய, தொகை குறையவில்லை. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையைச் சென்னையில் 1959இல் தோன்றிய புளூ கிராஸ் சங்கம் வற்புறுத்தி வந்தது. 1996இல் சென்னை மாநகராட்சி அதை ஏற்றது. 2001இல் மத்திய அரசு அதையே நாடு முழுவதற்கும் விதியாக்கியது. இப்பொழுது அதன் இடத்தில் 2023ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. காது நுனியில் வெட்டு அடையாளம் உள்ள தெருநாய் கருத்தடை செய்யப்பட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

2025ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் இதில் நேரடியாகத் தலையிட்டது. டெல்லி வட்டாரத்துத் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்குமாறு ஆகஸ்ட் 11ஆம் தேதி இரு நீதிபதிகள் ஆணையிட்டனர். ஆகஸ்ட் 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர ஏனையவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்றனர். கண்ட தெருவில் உணவிடலாகாது. அதற்கென இடம் ஒதுக்க வேண்டும் என்றும் கூறினர். நவம்பர் 7ஆம் தேதி ஆணையில், பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு அரங்கம், பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றின் வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றி, மீண்டும் அங்கே விடலாகாது என்று உத்தரவிட்டனர்.

நம் பெண்டிர் பலர், மிஞ்சிய சோற்றைத் தெருநாய்க்கு வைப்பதைத் தருமமாகக் கருதி வருகிறார்கள். அத்தருமத்தை நிறுத்த வேண்டியதில்லை. அதை மாடிப்படி அடியிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் செய்யாமல், ஒதுக்கிய மூலையில் செய்வதே இன்றைய முறை.

கடித்துவிட்டால்

நாயைக் கண்டதும் கல்லைத் தேடுவது நம் பழைய வழக்கம். ஓடுவது அதைவிடக் கெடுதல். ஓடுகிறவனைத் துரத்துவது நாயின் இயல்பு. கைகளை உடலோடு ஒட்டி, நாயின் கண்ணை உற்றுப் பாராமல், அசையாது நிற்க வேண்டும். பெரும்பாலான நாய்கள் மோந்து பார்த்துவிட்டு விலகிவிடும். இதைக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே பழக்க வேண்டும்.

கடித்தாலும், நகம் கீறினாலும், புண்ணில் எச்சில் பட்டாலும், செய்ய வேண்டியது ஒன்றே. காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் வைக்கலாகாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோலினுள் போடும் ஊசியாயின் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களும். தசையில் போடுவதாயின் 14ஆம் நாளும் சேர்ந்து ஐந்து தடவை. ஆழ்ந்த காயமாயின் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். கடித்த நாயைப் பத்து நாட்கள் கவனிப்பது நன்று. ஆனால் அது வரையில் சிகிச்சையைத் தள்ளிப் போடுவது கூடாது. நோயின் குறிகள் தோன்றிவிட்டால் அநேகமாக மரணம் நிச்சயம். உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் மாள்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டினுடையது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய பயத்தினால் முதியோர் சிலர் நாய்க்கடியை இன்னும் மறைக்கிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்தின் உற்பத்தி நம் நாட்டில் 2004இல் நின்றுவிட்டது. இப்பொழுதைய ஊசி கையில் போடுவது. லூயி பாஸ்டர் 1885இல் முதல் சிறுவனைக் காப்பாற்றிய பிறகும், இந்தியாவில் கடியுண்டவர் பாரிஸுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. 1900இல் கசௌலியிலும், 1907இல் நம் நீலகிரியின் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் ஏற்பட்ட பின்னரே அந்நிலை மாறியது. அன்று கடல் கடந்து தேட வேண்டியிருந்த மருந்து இன்று அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. வெட்கத்தாலோ அச்சத்தாலோ அதைத் தவறவிடுவது தகாது.

நமக்குரிய கடமை

நம் குடும்பங்களிலும் நாய் வளர்ப்போர் பெருகி வருகிறார்கள். ஊரிலிருந்து ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வரவழைத்தவர்களை நான் அறிவேன். பிறர் நாயைப் பற்றிப் புகார் சொல்லும் முன், நம் நாய் பதிவாகியிருக்கிறதா, அதன் கயிறு நம் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம். “ஒன்றும் செய்யாது” என்ற வாசகத்தை நம் நாவிலிருந்து முதலில் நீக்குவோம். அது நமக்குத் தெரியும். எதிரே வரும் குழந்தைக்கும் கிழவிக்கும் எப்படித் தெரியும்? நமக்குத் தொல்லை நேருமிடத்தில் சண்டையும் வேண்டாம், மௌனமும் வேண்டாம். சென்று சொல்லுவோம், கேளாவிடின் எழுதிக் கொடுப்போம்.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. நாயின் கழுத்துவாருக்கு ஹிந்தியில் ‘பட்டா’ என்று பெயர். “நாய்க்குப் பட்டா போடச் சொல்லியாயிற்று” என்று கூட்டத்திலிருந்து திரும்பி வந்து நான் சொன்னதும், தாயார் திகைத்து, “ஊரில் நம் நிலத்துக்கே பட்டா மாற்ற முடியவில்லை, நாய்க்கு எதற்கடா பட்டா?” என்றார். வீடே சிரித்தது. பிறகு யோசித்தேன். அந்தச் சிறிய வாரைப் போட்ட பின்னரே நாய்க்கும் தெருவில் உரிமை வந்தது. என் தாயாருக்கும் வந்தது. இருவருக்கும் அது பட்டாதான்.

தாயார் இப்பொழுது மீண்டும் நடக்கிறார். நாயின் அருகே மட்டும் இன்னும் போவதில்லை. படியிறங்கும் போது மேலிருந்தே, “பட்டா?” என்று கேட்பார். அது அவர் கற்ற முதல் ஹிந்திச் சொல். கீழே நிற்கும் ஆசிரியர் பதில் பேசாமல், கயிறு சுற்றிய தம் கையை உயர்த்திக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகே தாயார் கடைசிப் படியில் கால் வைப்பார்.